ரூட்டரை மாற்றுவதற்கு முன்



மூன்று வாரமாக என் கம்ப்யூட்டரில் மட்டும் வைஃபை விட்டுவிட்டு வந்தது. வெளியூரில் இருக்கும் பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் பார்த்து அறுந்துவிடும். "நாளைக்குப் பார்க்கலாம் தாத்தா" என்று அவளும் நழுவ ஆரம்பித்தாள். பார்க்க வந்த தம்பி, "புது ரூட்டர் வாங்கிடுங்க சார்" என்றார்.

அதே மேசையில் என் செல்போனில் வைஃபை நன்றாகவே வந்தது. வகுப்பே தேறி ஒரு பையன் மட்டும் தவறினால் பள்ளிக்கூடத்தையா மாற்றுவோம்?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று ஆய்வகத்தில் உங்களுக்குச் சொன்னதையே செய்தேன். கம்ப்யூட்டரை இடம் மாற்றினேன், பலனில்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்க வைஃபையை அணைக்கும் வசதியை நிறுத்தினேன், பலனில்லை. நம் பள்ளிப் படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினேன், சரியானது. மறுபடி செருகினேன், கோளாறும் வந்தது. யுஎஸ்பி 3.0 கருவிகள் சில, வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்புமாம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். ஒரு பைசா செலவில்லை.

புதிது வாங்கச் சொல்வது எளிது. வாங்கும் முன் காரணத்தைக் கேளுங்கள், செல்வங்களே. பேத்தி இப்போது பின்னக் கணக்கில் இருக்கிறாள்; நழுவ வழியில்லை!

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்