ஊவாவின் கல்விப் பங்கீடு

மாகாணங்களுக்குப் பணம் பகிரும் முறையைப் பரிந்துரைக்கும் நிதி ஆணைக்குழு, மக்கள்தொகையையும் தனிநபர் வருமானத்தையும் மட்டும் பார்த்தல் போதாது. சமூக, பொருளாதார ஏற்றத்தாழ்வுகளைப் படிப்படியாகக் குறைக்கும் தேவையையும் கருத வேண்டும். இது பதின்மூன்றாம் திருத்தம் அரசியலமைப்பில் எழுதி வைத்த விதி. வறிய மாகாணமான ஊவா கொழும்பிடம் உரிமையோடு கேட்பதற்கு இவ்விதியே துணை. ஆயின், பணம் மாகாணத் தலைநகரான பதுளையை அடைந்தபின் அதே நியாயம் பசறை, நமுனுகுலை, லுணுகலைத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஏன் ஏறிச் செல்வதில்லை?

தோட்டப் பாடசாலைகளின் வறுமை தானாக விளைந்ததன்று. 1907, 1920ஆம் ஆண்டுகளின் கட்டளைச் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் துரைமாரின் பொறுப்பில் விட்டன. ஓர் அறை, ஓர் ஆசிரியர். பெரும்பாலும் அதுவே பாடசாலை. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி பிறந்தபோதும், 1960, 1961இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே நின்றன. தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, எழுபதுகளின் பிற்பகுதி முதலாக, அவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. இலவசக் கல்வியைத் தாங்கிய அரச வருவாயில் தேயிலைக்குப் பெரும்பங்கு உண்டு. கொழுந்து கொய்தவரின் பிள்ளைகளுக்கு மட்டும் முப்பதாண்டுக் காலம் அதில் பங்கில்லை.

இன்றைய ஒதுக்கீட்டு முறை அப்பழங்கடனைக் கணக்கில் எடுப்பதில்லை. தேசிய பாடசாலைகளை மத்திய அமைச்சு பேணுகிறது. மலைமீதுள்ளவை மாகாணத்தின் கையை நோக்கி நிற்கின்றன. உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் இடத்துக்கே அதற்குரிய செலவு செல்லும். ஆய்வுகூடம் இல்லாததால் பிரிவு தொடங்கவில்லை. பிரிவு இல்லாததால் ஆய்வுகூடம் வரவில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் தேறிய பிள்ளை நகரத்துக்குப் போய்விட்டால், அவனுக்குரிய பணமும் அவனோடு இறங்கிவிடும். அரசு தராததை நகரப் பாடசாலைகளில் அபிவிருத்திச் சங்கம் திரட்டிக்கொள்ளும். நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதற்கு 2021 வரை காத்திருந்த பெற்றோரிடம் எதைத் திரட்டுவது?

ஆசிரியர் நிலை இதனினும் கொடிது. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென அமர்த்தப்பட்ட ஆசிரிய உதவியாளர்களுக்கு முதலில் மாதம் 6,000 ரூபாயும், பின்னர் 10,000 ரூபாயுமே கொடுப்பனவாகத் தரப்பட்டன. மலையகப் பிள்ளைகளின் வகுப்பறைக்கு அரசே இட்ட விலை அது.

நகரப் பாடசாலையிடம் பறித்துத் தோட்டத்துக்குத் தருக என நாம் கோரவில்லை. பதுளை நகரின் வகுப்புகளிலும் தோட்டத்துப் பிள்ளைகள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கிறார்கள். மொனராகலையின் சிங்களக் கிராமப் பாடசாலைகளும் இதே வரிசையின் கடைசியில்தான் நிற்கின்றன. இக்கோரிக்கை அவற்றுக்கும் உரியது. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 வீதம்கூடச் செலவிடாத நாட்டில், இருக்கும் சிறிதையாவது தேவை அறிந்து பகிர்தல் வேண்டும்.

இதனைத் தட்டிக் கேட்க வேண்டிய ஊவா மாகாண சபையின் ஆயுள் 2019இல் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போக, ஆளுநரின் கீழ் அதிகாரிகளே பங்கீடு செய்யும் நிலை நீண்டது. ஆதலின் மாகாணக் கல்வித் திணைக்களம் ஒவ்வொரு பாடசாலையிலும் ஆண்டுதோறும் மாணவர் ஒருவருக்குச் செலவாகும் தொகையையும், விஞ்ஞான, கணித ஆசிரிய வெற்றிடங்களையும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீடு, அப்பட்டியலின் அடியில் நிற்கும் பாடசாலையிலிருந்தே எழுதத் தொடங்கப்பட வேண்டும்.