மாடியில சோலார் இருந்தும் மெஷின் ஏன் நின்னுச்சு டாக்டர்?

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

போன மழைக்காலத்துல ஒரு நைட் டியூட்டி. விடிகாலை மூணு மணி இருக்கும், ஒரு அம்மாவை ஆட்டோவுல தூக்கிட்டு வந்தாங்க. அறுபது வயசைத் தாண்டினவங்க. முப்பது வருஷம் விறகு அடுப்புல சமைச்சு நுரையீரல் போனவங்க, பீடி சிகரெட் எதுவும் கிடையாது. ஆக்ஸிஜன் அளவு 76. உதடு நீலம். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

வீட்டுல ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் இருக்கு. கடன் வாங்கி பையன் வாங்கிக் கொடுத்தது. டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சு, மெஷின் நின்னுடுச்சு. பழைய இன்வெர்ட்டர் ரெண்டு மணி நேரம் இழுத்துட்டு அதுவும் படுத்துடுச்சு.

அம்மா கொஞ்சம் தேறினதும் பையன் என்கிட்ட கேட்டது இதுதான்: “மாடியில 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கோம் சார். கரண்ட் போனா இது கைகொடுக்கும்னுதானே போட்டோம். மத்தியானமே கரண்ட் போச்சு, நல்ல வெயிலு. அப்பவே ஏன் ஓடல?”

பேனல் மாட்டினவங்க யாரும் அவர்கிட்ட இதைச் சொல்லல. அதனால நான் சொல்றேன். மானியத்துல நம்ம ஊர்ல போடுற வீட்டு சோலார்ல பெரும்பாலானது, தெருவுல கரண்ட் போனா தானும் நின்னுடும். வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஓடாது. அது பழுது இல்ல, விதியே அப்படித்தான். கம்பத்துல ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல நம்ம வீட்டு மின்சாரம் பாயக்கூடாது இல்லையா? ஷாக் அடிச்சு கேஷுவாலிட்டிக்கு வர்ற லைன்மேன்களைப் பார்த்தவன் நான். அந்த விதியில கை வைக்கச் சொல்லவே மாட்டேன்.

இதுக்கு வழி பேட்டரியும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும். கரண்ட் போனதும் வீட்டை தெரு லைன்ல இருந்து பிரிச்சுட்டு, உள்ளுக்குள்ள மட்டும் ஓட்டும். லைன்மேனும் பத்திரம், அம்மாவும் பத்திரம்.

அரசாங்கம் இங்கதான் கையை விரிக்குது. 2024 பிப்ரவரியில வந்த பிரதமர் சூரிய வீடு திட்டம், மொத்த ஒதுக்கீடு 75,021 கோடி, இலக்கு ஒரு கோடி வீடு. ரெண்டு கிலோவாட் வரைக்கும் கிலோவாட்டுக்கு 30,000, மூணாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 மானியம். நல்ல திட்டம், குறை சொல்லல. ஆனா 78,000 மேல ஏறவே ஏறாது. பேட்டரி வேணும்னா மொத்தமும் நம்ம கைக்காசு. 5 யூனிட் லித்தியம் பேட்டரி, ஹைப்ரிட் இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்தா லட்சத்தைத் தாண்டுது.

கணக்கு போட்டுக் காட்டறேன். அஞ்சு லிட்டர் கான்சன்ட்ரேட்டர் சுமார் 300 – 350 வாட் இழுக்கும். இந்த மாதிரி நோயாளிக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 15 மணி நேரம் ஆக்ஸிஜன்னு எழுதிக் கொடுக்கறோம். அதுக்கே தினம் 5 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட். இலவசம் 100. ஃபேனும் ஃபிரிட்ஜும் சேர்ந்து 500-ஐத் தாண்டினா பில் என்ன ஆகும்னு தமிழ்நாட்டுல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால பல வீட்டுல மெஷினை “கொஞ்ச நேரம் ரெஸ்ட்” விடுறாங்க. ரெஸ்ட் மெஷினுக்கு இல்ல, மூச்சுக்கு.

கடையில வாங்குற சாதா 150 ஏ.எச் இன்வெர்ட்டர் பேட்டரியில எழுதியிருக்கிறது 1.8 யூனிட். நம்பி எடுக்கக்கூடியது அதுல பாதியை ஒட்டித்தான். இந்த மெஷினுக்கு ரெண்டரை, மூணு மணி நேரம் வந்தா அதிகம். 5 யூனிட் லித்தியம்னா ராத்திரி முழுக்க ஓடும், மறுநாள் வெயிலே திரும்ப நிரப்பிடும்.

“பேட்டரி பணக்காரன் பொம்மை டாக்டர், அதுக்கு எதுக்கு மக்கள் வரிப்பணம்?”னு உடனே கமென்ட் வரும். வரட்டும். கலிஃபோர்னியால 2019ல காட்டுத்தீ பயத்துல மின் நிறுவனமே லட்சக்கணக்கான வீட்டுக்கு கரண்ட்டை நிறுத்துச்சு. அதுக்கப்புறம் அந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம் என்ன பண்ணுச்சு? தீ அபாயப் பகுதியில மருத்துவக் கருவியை நம்பி இருக்கிற வீட்டுக்கு, பேட்டரி செலவுல பெரும்பகுதியை ஈடுகட்டுற அளவுக்கு ஊக்கத்தொகை கொடுத்துச்சு. ஆஸ்திரேலியால உயிர்காக்கும் கருவி இருக்கிற வீடுன்னா மின் நிறுவனத்துல பதிவு இருக்கும். திட்டமிட்ட மின்தடைன்னா முன்கூட்டியே எழுத்துமூலமா சொல்லியாகணும். பில் கட்டலைன்னு ஃபியூஸைப் பிடுங்க முடியாது.

நம்மகிட்ட அப்படி ஒரு பட்டியலே இல்ல. போடறது கஷ்டமா? மக்களைத் தேடி மருத்துவம் 2021ல இருந்து வீடு வீடா போகுது. யார் படுத்த படுக்கை, யாருக்கு வயித்து டயாலிசிஸ் பை கொடுக்கணும்னு நம்ம ஊழியர்களுக்கு தெருப் பேரோட தெரியும். அந்த நோட்டு செக்‌ஷன் ஆபீஸ் வரைக்கும் போகல, அவ்வளவுதான். இத்தனைக்கும் பி.எச்.சி.ல தடுப்பூசி வைக்கிற ஐ.எல்.ஆர் பெட்டி கரண்ட் இல்லாமலே மணிக்கணக்கா குளிரைப் பிடிச்சு வைக்கும். ஊசி கெட்டுப் போகக்கூடாதுன்னு யோசிக்கத் தெரிஞ்ச நமக்கு, வீட்டுல இருக்கிற நோயாளி விஷயத்துல மட்டும் ஏன் தோணல?

சரி, மின்வாரியம் பக்கமும் பேசுவோம். அவங்க பயம் நியாயமானது. பாகிஸ்தான்ல 2024ல மட்டும் சுமார் 17 கிகாவாட் பேனல் இறங்குச்சு. வசதி இருக்கிறவன் கழண்டுக்கிட்டே போனா, கம்பம் கம்பி செலவெல்லாம் கழள முடியாத ஏழை தலையில விடியும். “பேட்டரி போட்டுட்டு ஈ.பி.க்கு டாட்டா காட்டுங்க”ன்னு வீடியோ போடுறவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. கஜா புயல்ல கம்பங்கள் சாய்ஞ்சப்போ வாரக்கணக்குல நின்னு தூக்கி நிறுத்தினது அந்த ஈ.பி. ஊழியர்கள்தான்.

ஆனா பயந்துட்டு பேட்டரியைக் கண்டுக்காம இருக்கிறது முட்டாள்தனம். மத்தியானம் சோலார் மிஞ்சுது, பொழுது சாய்ஞ்சா பத்தல. தொழிற்சாலைக்கு காலை, மாலை உச்ச நேரத்துல 25% கூடுதலா வாங்குறாங்க. அதே மாலை 7 மணிக்கு நான் பேட்டரியில சேர்த்து வச்ச ஒரு யூனிட்டை லைன்ல விட்டா? மத்தியானம் 12 மணிக்கு விட்டதுக்கு என்ன கணக்கோ அதேதான். அப்புறம் எவன் பேட்டரி வாங்குவான்?

அமெரிக்காவுல வெர்மான்ட்னு குட்டி மாநிலம். கிரீன் மவுன்டன் பவர்ங்கிற மின் நிறுவனம் 2017ல இருந்து தானே வீடுகளுக்கு மாச வாடகைக்கு பேட்டரி கொடுக்குது. உச்ச நேரத்துல அதுல இருந்து நிறுவனம் எடுத்துக்கும். கரண்ட் போனா வீடு எடுத்துக்கும். 2018 ஜூலை வெயில் அலையில மட்டும் 5 லட்சம் டாலர் மிச்சம்னு அவங்களே சொன்னாங்க. வெளிச் சந்தையில கொள்ளை விலைக்கு மின்சாரம் வாங்குற நம்ம வாரியத்துக்கு இந்தக் கணக்கு புரியாதா?

முதல்ல எல்லா வீட்டுக்கும் வேணாம். கான்சன்ட்ரேட்டர், வென்டிலேட்டர் இருக்கிற வீட்டுக்கு மட்டும் வாரியமே பேட்டரி வைக்கட்டும். மாலையில ஒரு பங்கு வாரியத்துக்கு, குறைஞ்சது பாதி எப்பவும் நோயாளிக்குன்னு பூட்டி வைக்கட்டும். அரசு டாக்டர் கையெழுத்து போட்ட சான்று போதும். போட நாங்க தயார்.

அந்த அம்மா அஞ்சாவது நாள் வீட்டுக்குப் போனாங்க. பையன் இன்னொரு சிலிண்டர் வாங்கி வச்சிருக்கார்.

உங்க வீட்டுல இப்படி மெஷின் இருந்தா: இன்னிக்கே மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி, இன்வெர்ட்டர்ல எத்தனை நிமிஷம் ஓடுதுன்னு கடிகாரம் வச்சுப் பாருங்க, சிலிண்டர் பக்கத்துலயே இருக்கட்டும். ஒரு ஃபுல் சிலிண்டரும் ரெகுலேட்டரும் சாவியும் கட்டில் பக்கத்துலயே இருக்கணும். இன்வெர்ட்டர் சைன் வேவ் தானான்னு பாருங்க. ஆக்ஸிஜன் 88-க்குக் கீழ போய் ஏறலைன்னா கரண்ட் வரட்டும்னு காத்திருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.