மண்ணே வேண்டாத பூச்செடி

"ஆர்க்கிட்டெல்லாம் கொடைக்கானல் குளிருக்குத்தானக்கா வரும்? நம்ம ராயப்பன்பட்டி வெயிலுக்கு எப்படி?" என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டாள். பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கிறது. டெண்ட்ரோபியமும் வாண்டாவும் நம் ஊர்ச் சூட்டைத் தாங்கும். வாண்டாவில் ஒரு வகை நம் சமவெளி மரங்களிலேயே தானாக ஒட்டி வளர்கிறது. மரத்தை உறிஞ்சிவிடுமோ என்று பயப்படாதீர்கள், அது புல்லுருவி வேலை. இது மரத்தில் உட்கார மட்டும்தான் இடம் கேட்கும்.

என் முதல் டெண்ட்ரோபியத்தை, ரோஜாவுக்கு வைப்பதுபோல் செம்மண்ணும் தொழுவுரமும் போட்டு நட்டேன். ஒரே மாதத்தில் வேர் அழுகிப் போய்விட்டது. அதன் வேர்மேல் பஞ்சு மாதிரி வெள்ளை உறை உண்டு. மழையையும் காற்றின் ஈரத்தையும் அதுதான் பிடித்துக்கொள்கிறது. மண்ணுக்குள் புதைத்தால் மூச்சு முட்டிவிடும்.

இப்போது பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள தொட்டியில் அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு, ஊறவைத்து அலசிய தேங்காய்மட்டைத் துண்டு, அவ்வளவுதான். வேர் வெள்ளையாக இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் போதும் என்று அர்த்தம். காலையில் ஊற்றுங்கள். ராத்திரி குருத்தில் தண்ணீர் நின்றால் அழுகும். ஆனி, ஆடிக் காற்று நம் பள்ளத்தாக்கில் எப்படி அடிக்கும் என்று தெரியுமே! அப்போது இரண்டு வேளையும் நனைக்க வேண்டியிருக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள்.

பாதி நிழல் வேண்டும். திராட்சைப் பந்தலடி கச்சிதமான இடம்தான். ஆனால் கொடிக்கு மயில்துத்தக் கலவை அடிக்கும் அன்று டெண்ட்ரோபியத்தை வேறு பக்கம் எடுத்து வைத்துவிடுங்கள், தாமிரம் அதற்கு ஆகாது. தோட்டத்துக்கு வாங்கும் 19:19:19 உரத்தில் லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒருமுறை தெளித்தால் போதும்.

"மேகமலைக்குப் போறப்ப மரத்துல இருக்கிறதைப் பேத்துட்டு வரட்டுமாக்கா?" என்றாள் அடுத்து. கூடவே கூடாது. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம், செடியைத் தொட்டால் வழக்கு. மேட்டுக் குளிரில் வளர்ந்தது இங்கே வந்தால் பிழைப்பதும் சந்தேகம்தான்.

என் செடியின் பழைய தண்டில் குட்டி ஒன்று முளைத்து, இரண்டு அங்குலத்துக்கு வேர் விட்டிருந்தது. அதை வெட்டி, கரித்துண்டோடு அவள் கையில் கொடுத்துவிட்டேன். பூக்க ஒன்றிரண்டு வருஷம் ஆகும். தினமும் வந்து, "வேர் வெள்ளையா இருக்கு, ஊத்தவா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.