எந்த ஸ்பிரிங்கைச் சொல்கிறீர்கள், ஐயா?

என் விண்ணப்பத்தை மறுத்துக் கையெழுத்திட்ட காப்புரிமைக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,

உங்கள் பெயரையும், நீங்கள் எந்த ஊர் அலுவலகத்தில் இருக்கிறீர்கள் என்பதையும் இங்கே எழுதப் போவதில்லை. நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் கோப்பைப் புரட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். நீங்கள் கோப்பைப் புரட்டுவீர்களா என்பதுதான் இங்கே வழக்கே.

மின்னஞ்சல் அனுப்பினேன். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். ஒப்புகை அட்டை மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. கட்டணம் கட்டி முறைப்படி மறுபரிசீலனை மனுவும் போட்டேன். உத்தரவில் வெளிப்படையான பிழை எதுவும் இல்லை என்று இரண்டு வரியில் தள்ளுபடி செய்தீர்கள். இனி தனியாக எழுதிப் பயனில்லை என்பதால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். எது புதுமை, எது கண்டுபிடிப்பு, ஒரு விண்ணப்பத்தை மறுத்தால் எப்படிக் காரணம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்வது மரியாதையில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்க வந்தேன். உங்கள் உத்தரவில், மறுப்புக்கான காரணத்தைச் சொல்லும் பத்தியில், "விண்ணப்பதாரரின் ஸ்பிரிங் 24" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஸ்பிரிங் அழுத்துவதால்தான் லென்ஸ் கேமராவில் நிற்கிறதாம். நீங்கள் காட்டும் பழைய ஆவணம் ஒன்றிலும் அப்படித்தான் நிற்கிறதாம். ஆகவே இதில் புதிதாக ஒன்றுமில்லையாம்.

ஐயா, என் கருவியில் ஸ்பிரிங்கே கிடையாது.

இந்தத் தொழிலை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். கூடவே நீங்களும் படித்தால் நஷ்டமில்லை.

கழற்றி மாட்டுகிற லென்ஸ் உள்ள கேமராக்களில் பெரும்பாலானவற்றில் பேயோனெட் மவுண்ட்தான் இருக்கிறது. குக்கர் மூடியைப் போல வைத்துத் திருப்பினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். 1959ல் வந்த நிக்கான் எஃப் அப்படி, 1987ல் வந்த கேனன் ஈஎஃப் அப்படி. லென்ஸின் பின்னால் மூன்று நாக்குகள் இருக்கும். கேமராவின் வாய்க்குள் அந்த நாக்குகளைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கும் பட்டை ஸ்பிரிங்குகள் இருக்கும். புகைப்படம் எடுக்கிறவருக்கு அதுவே தாராளம். மாற்றுவதும் சுலபம்.

சினிமாவுக்கு அது போதாது. கிலோக்கணக்கில் கனக்கும் ஜூம் லென்ஸை மாட்டி, ஃபோகஸ் வளையத்தில் மோட்டாரையும் பூட்டினால், மோட்டார் ஒவ்வொரு முறை உதைக்கும்போதும் லென்ஸே இம்மி அளவு முறுக்கிக்கொள்ளும். திரையில் பிம்பம் துள்ளும். எடை தாங்காமல் ஸ்பிரிங் விட்டுக்கொடுத்தால் லென்ஸின் மூக்கு தாழும், அடிபாகம் இருக்கையை விட்டு எழும்பும். லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து சென்சார் வரையிலான தூரம் நிக்கான் எஃப்பில் 46.5 மில்லிமீட்டர், கேனன் ஈஎஃப்பில் 44, 1982ல் ஆரி நிறுவனம் சினிமாவுக்கென்று கொண்டுவந்த பிஎல் மவுண்ட்டில் 52. இதில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் இரண்டு மூன்று பங்கு பிசகினால் போதும். அகல லென்ஸை முழுத் திறப்பில் வைத்தால் அதன் மேல் பொறித்திருக்கிற அடிக்கணக்கு பொய்யாகிவிடும். ஆறடி என்று குறி வைத்துத் திருப்புகிற ஃபோகஸ் புல்லர் சரியாகத்தான் திருப்புவார். படம் அவுட்டாகிவிடும். திட்டு விழுவது அவருக்கு.

இதற்கு மருந்து நெடுநாளாகவே இருக்கிறது. லென்ஸைத் திருப்பாமல் நேராக உள்ளே வைத்து, ஒரு வளையத்தைத் திருப்பி இறுக்குவது. 1971ல் வந்த கேனன் எஃப்டி லென்ஸ்களில் வளையம்தான் திரும்பும். பிஎல் மவுண்ட்டிலும் அப்படித்தான், வளையம் கேமராப் பக்கம் இருக்கும். இவற்றில் எதையும் நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. விண்ணப்பத்தின் பின்னணிப் பகுதியில் என் கையாலேயே இவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறைக்க நினைக்கிறவன் அப்படி எழுதுவானா?

நான் செய்தது சின்ன வேலை. வளையத்தின் உட்புறச் சரிவுதான் லென்ஸின் விளிம்பில் உரசி இறுக்குகிறது. வாடகைக்கு ஓடுகிற கேமராவில் ஒரு நாளில் எத்தனை முறை லென்ஸ் மாறும் என்பது ஷூட்டிங் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேய்மானம் அந்தச் சரிவில்தான். தேய்ந்தால் எங்களைப் போன்ற மெக்கானிக்குகள் மவுண்ட்டையே கழற்ற வேண்டும். கழற்றினால் தூரத்தைச் சரிசெய்ய அடியில் வைத்திருக்கிற மெல்லிய ஷிம் தகடுகள் கலையும். பிறகு காலிமேட்டர் என்ற சோதனைக் கருவியில் வைத்து பேக் ஃபோகஸை, அதாவது சென்சார் வரையிலான அந்தத் தூரத்தை, முதலிலிருந்து பிடிக்க வேண்டும். கேமரா ஒரு நாள் படுத்துவிடும், வாடகைக்காரர் தலையில் கை வைப்பார். நான் அந்தச் சரிவை வளையத்திலிருந்து பிரித்தேன். மூன்று வெண்கல ஆப்புகள், ஒவ்வொன்றுக்கும் முன்பக்கமாக ஒரு திருகு. தேய்வது ஆப்பு மட்டும்தான், லென்ஸின் எஃகு தேயாது. ஆப்பு தேய்ந்தால் வளையத்தின் கைப்பிடி ஒரு கோட்டைத் தாண்டிப் போகும், பார்த்ததும் தெரிந்துவிடும். சின்னத் திருப்புளியால் திருகைக் கழற்றி, பழைய ஆப்பை உருவிப் புதியதைச் செருகினால் முடிந்தது. லென்ஸ் உட்காரும் முகத்தை யாரும் தொடுவதில்லை. ஷிம் கலையாது. ஃபோகஸ் கெடாது.

என் வரைபடத்தில் 24 என்று எண் போட்டிருப்பது அந்தத் திருகு போகிற துளைக்கு. ஸ்பிரிங்குக்கு அல்ல. துளைக்கு!

அப்படியானால் ஸ்பிரிங் 24 எங்கிருந்து வந்தது? இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை நேரமே போதுமானதாக இருந்தது. உங்கள் ஆய்வறிக்கை இரண்டு முந்தைய ஆவணங்களைக் காட்டுகிறது. இரண்டாவது, தீயணைப்பு ஹோஸ் இணைப்பு. அதைக் கேலி செய்ய மாட்டேன், ஹோஸ் இணைப்பிலும் எங்களுக்குப் பாடம் இருக்கலாம். முதல் ஆவணம் ஒரு பழைய ஸ்டில் கேமராவின் பேயோனெட். அதன் படத்தில் லென்ஸ் நாக்குக்குப் பின்னால் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அழகாக, தெளிவாக, 24 என்று போட்டிருக்கிறது.

ஆக, நடந்தது இதுதான். முதல் ஆவணத்தில் இருப்பதை என்னுடையது என்று எழுதினீர்கள். பிறகு அதை முதல் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதைக் கண்டீர்கள். கண்டதும் என் விண்ணப்பத்தை மறுத்தீர்கள். ஒரு பொருளை அதே பொருளோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லை என்று அரசாங்க முத்திரையோடு சான்றளித்திருக்கிறீர்கள். இதில் தவறு காண எனக்கு வழியில்லை. உண்மையிலேயே வித்தியாசம் இல்லைதான்.

வேலைப்பளு என்பீர்கள். இருக்கும். 2023-24 நிதியாண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் காப்புரிமைகள் வழங்கியதாக அரசு பெருமையோடு அறிவித்தது. கணக்கு ஓட வேண்டுமென்றால் கோப்பும் ஓடத்தான் வேண்டும். ஆனால் எழுதியவர் கைதவறி எழுதிவிட்டார் என்று நான் விட்டுவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி விசாரணையில் நீங்களே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

காணொலி விசாரணை. கேமரா சம்பந்தப்பட்ட வழக்கில் உங்கள் பக்கம் கேமரா அணைந்தே இருந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அலுவலக இணைய வேகம் எல்லோரும் அறிந்தது. நான் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டது மொத்தம் ஒரே கேள்வி: "திரும்புவது லென்ஸா, வளையமா?" வளையம் என்றேன். லென்ஸைப் பிடித்துக்கொண்டு வளையத்தை மட்டும் திருப்பிக் காட்டினேன். ஒரு ஆப்பைக் கழற்றித் திரைக்கு அருகில் கொண்டுபோய்க் காட்டினேன். "சரி, எழுத்துமூலம் கொடுங்கள்" என்றீர்கள். கெடுவுக்குள் கொடுத்தேன், படத்தோடு. உத்தரவு வந்தது. அதில் லென்ஸ் திரும்புகிறது.

அந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள்? பதிலைக் கேட்டு எழுதுவதாக இல்லையென்றால் கேட்டிருக்கவே வேண்டாமே. எங்களுக்கும் வேறு வேலை இருக்கிறது, அன்றைக்கு ஒரு கேமரா மேஜைமேல் பிரித்துக் கிடந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்கிறேன். "பிஎல் மவுண்ட் ஏற்கெனவே இருக்கிறது. தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் உதிரித் துண்டுகள் லேத்தில் காலங்காலமாக இருக்கின்றன. இரண்டையும் சேர்ப்பது இந்தத் துறையில் கைதேர்ந்த யாருக்கும் தோன்றக்கூடியதுதான்" என்று நீங்கள் எழுதியிருந்தால், அது ஒரு வாதம். கடினமான வாதம்கூட. தோன்றக்கூடியது என்றால் 1982 முதல் இத்தனை வருடம் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று நான் கேட்டிருப்பேன். நீங்கள் ஒன்று சொல்லியிருப்பீர்கள். நான் ஜெயித்திருக்கலாம், தோற்றிருக்கலாம். தோற்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு லென்ஸ் துடைக்கப் போயிருப்பேன். என்னிடம் இல்லாத ஒன்றுக்காகத் தோற்றால் எப்படி ஒத்துக்கொள்வது?

பணத்தைச் சொல்லவில்லை. விண்ணப்பத்துக்கு 1600 ரூபாய், ஆய்வுக் கோரிக்கைக்கு 4000 ரூபாய் கட்டினேன். தனிநபருக்கு அரசு வைத்திருக்கும் கட்டணம் நியாயமானதுதான். நான் கொடுத்த உண்மையான விலை வேறு. விண்ணப்பம் போட்டுப் பதினெட்டு மாதம் கழிந்ததும் அது வெளியாகிவிடும். என் வரைபடம், அளவுகள், ஆப்பின் சரிவுக் கோணம், எந்த வெண்கலம், எல்லாம் இன்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கிறது. ஒளிக்காமல் சொல்லிக்கொடு, பதிலுக்கு இருபது வருடம் பாதுகாப்புத் தருகிறோம் என்பதுதானே உங்கள் அலுவலகத்துக்கும் எங்களுக்கும் உள்ள பேச்சு? நான் என் பங்கைச் செய்துவிட்டேன். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நாளைக்கு இதையே செய்து விற்றால், அதையே நான் வாங்கி இங்கே வாடகைக் கேமராவுக்குப் பூட்டிக் கொடுத்துக் கூலி வாங்க வேண்டியதுதான்.

அம்பத்தூரில் எனக்கு அந்த வளையத்தைக் கடைந்து கொடுத்த லேத்காரர், உத்தரவை நான் படித்துச் சொன்னதும் கேட்டார்: "ஏண்ணே, பேப்பர்ல போடாம பேசாம செஞ்சு வித்திருக்கலாம்ல?" பதில் சொல்லத் தெரியவில்லை. பட்டறைகளில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலைகள் எத்தனையோ நடக்கின்றன. யாரும் உங்கள் வாசலுக்கு வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று உங்கள் அலுவலகம் கருத்தரங்கு நடத்தி ஆராய்கிறது, மதிய உணவோடு. என் கோப்பைப் பிரித்துப் படித்தால் அந்த உணவுச் செலவு மிச்சம்.

உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்கலாம். காப்புரிமை கொடுத்தே தீர வேண்டும் என்று கேட்கவில்லை. மறுப்பதானால் மறுங்கள். ஆனால் நான் கொடுத்ததைப் படித்து, அதை மறுங்கள். படிக்க நேரமில்லையென்றால் பொருளாகவே பாருங்கள். மாதிரி சாலிகிராமத்தில் என் மேஜை மேல்தான் இருக்கிறது. திருப்புளி நானே தருகிறேன். வளையம் ஒன்று, ஆப்பு மூன்று, திருகு மூன்று. இவற்றுக்கு நடுவில் எங்காவது ஒரு ஸ்பிரிங் அகப்பட்டால் அதன் உரிமையை உங்கள் பெயருக்கே எழுதித் தருகிறேன், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மேல்முறையீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இதற்கென்று இருந்த தீர்ப்பாயத்தை 2021ல் கலைத்துவிட்டார்கள், இப்போது உயர் நீதிமன்றம்தான். வக்கீலிடம் விசாரித்தேன். அவர் சொன்ன தொகைக்கு நான் ஒரு பழைய காலிமேட்டர் வாங்கிவிடலாம். ஒருவர் இரண்டு படங்களை மாற்றிப் பார்த்துவிட்டார் என்று நிரூபிக்க ஒரு மெக்கானிக் உயர் நீதிமன்றம் ஏற வேண்டும் என்பது உங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இல்லையா? ஆனாலும் ஏறுவேன் போலிருக்கிறது, கெடு இன்னும் முடியவில்லை. அன்று உங்களுக்காக நிற்கப் போகிற அரசு வக்கீல் கோப்பைப் பிரித்ததும், மனுதாரரின் வரைபடத்தில் ஸ்பிரிங் எங்கே என்று உங்களைத்தான் முதலில் கேட்பார். அவருக்குச் சொல்லப் போகும் பதிலில் ஒரு நகல் எனக்கும் அனுப்பிவையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையில் நான் தவறாமல் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஸ்பிரிங் இல்லாத விண்ணப்பதாரர்,
லென்ஸ் மெக்கானிக்,
சாலிகிராமம், சென்னை.