அறத்தை விலைபேசாமை: ‘விசுவாசத்தினாலே மீட்பு’ என்னும் கொள்கை குறித்த ஒரு மறுப்பு

முன்னுரை

மனிதன் தான் செய்யும் நல்வினைகளால் மீட்படைவதில்லை. இறைவனின் அருளை நம்பி ஏற்பதனாலேயே மீட்படைகின்றான் என்பது சீர்திருத்தத் திருச்சபைகளின் அடிப்படைக் கொள்கையாகும். தமிழியல் ஆய்வரங்குகளில் இக்கொள்கையின்மீது இரண்டு குற்றச்சாட்டுகள் தொடர்ந்து கூறப்பட்டு வருகின்றன. அறத்தையே வாழ்வின் முதற்பயனாகக் கொண்ட தமிழ் மரபுக்கு இஃது அயலானது என்பது ஒன்று. செயலுக்கு மதிப்பில்லை எனின் ஒழுக்கம் தளரும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சொல்லையும் வரலாற்றையும் நுணுகி நோக்காமல் எழுந்தவை என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எனினும், இக்கொள்கையைத் தம் உடைமையாகக் கருதும் சபையினர்மீது சுமத்தத்தக்க மூன்றாவது குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அதனை மறைப்பதும் ஆய்வு நெறி ஆகாது.

கிரியை என்னும் சொல்

முதற்கண் சொல்லை நோக்குவோம். 1871 இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் தமிழ் வேதாகமம், பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் மறுக்கும் பொருளைக் ‘கிரியை’ என்னும் சொல்லால் குறிக்கின்றது. ‘அறம்’ என்றோ ‘ஒப்புரவு’ என்றோ அது குறிக்கவில்லை. சைவ சித்தாந்தம் வகுக்கும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் கிரியை இரண்டாவது. அது வழிபாட்டுச் சடங்கைச் சுட்டும். இறந்தார்க்குச் செய்யும் சடங்கையும் மக்கள் கிரியை என்றே வழங்குகின்றனர். எனவே தமிழ்ச் செவிக்குக் கிரியை என்பது, உரிமையுடையார் உரிய முறையில் நிறைவேற்றும் ஒழுங்கு என்றே ஒலிக்கும். பசித்தவனுக்குச் சோறிடும் ஈரத்தை அச்சொல் நினைவூட்டுவதில்லை.

பவுல் கருதியதும் பெரிதும் இதுவே. ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் வெறுமனே ‘கிரியைகள்’ என்னாது ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்’ என்றே அடைகொடுத்துக் கூறுகின்றது. விருத்தசேதனம், உணவு விலக்கு, நாள் ஆசரிப்பு முதலியன அவற்றுள் அடங்கும். அக்கால யூதர் மீட்பை நற்செயலால் விலைக்கு வாங்க முயன்றனர் என்னும் பழைய கருத்து யூத சமயத்திற்கு நீதி செய்யாதது என்பதை ஈ. பி. சாண்டர்ஸ் 1977 இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார். அவரையடுத்து ஜேம்ஸ் டன், இக்கிரியைகள் ஓர் இனத்தாரைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டும் எல்லைக்குறிகளாக இயங்கின என விளக்கினார். இவ்விளக்கத்தை முழுமையாக ஏலாதாரும், பவுலின் வாதம் அறச்செயலுக்கு எதிரானது அன்று என்பதை ஒப்புவர்.

‘மாத்திரம்’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. 1522 இல் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்பில், ரோமர் நிருபத்தின் அவ்விடத்தில் மூலத்தில் இல்லாத அப்பொருள்படும் சொல்லை லூத்தர் சேர்த்தார். ஐக்கியத் திருப்புதல் அதனைச் சேர்க்கவில்லை. விசுவாசத்தோடு அச்சொல் இணைந்து வருமிடம் யாக்கோபின் நிருபமே. ஆங்கு அது மறுக்கப்படுவதற்காகவே வருகின்றது. தமிழ் வாசகனின் கையிலுள்ள நூலே இக்கொள்கையை மிகைபடக் கூறுவதைத் தடுத்து நிற்கின்றது எனலாம்.

அயலானதா இக்கொள்கை?

அடுத்து, அயன்மை பற்றிய குற்றச்சாட்டு. திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்வோர் கல்லாற்றைக் கடந்து மலையேறுவர். கல்லாறு பாயும் அம்மலைச்சாரலும், அதன் தெற்கே ஓங்கி நிற்கும் அகத்தியமலையும் ஒரே தொடரின் பகுதிகள். சங்கப் பாடல்கள் பொதியில் எனக் குறிக்கும் மலையை ஆண்டவன் ஆய் அண்டிரன். அவனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 134 ஆவதாக உள்ளது. இப்பிறப்பில் செய்தது மறுபிறப்பிற்கு உதவும் எனக் கணக்கிட்டு ஆய் கொடுப்பதில்லை. அவன் அறத்தை விலைபேசும் வாணிகன் அல்லன். சான்றோர் சென்ற நெறி என்பதனாலேயே அவன் கொடுக்கின்றான் என்பது அப்பாட்டின் கருத்து. திருக்குறளின் ஈகை அதிகாரமும் வறியவர்க்குக் கொடுப்பதையே கொடை என்று கொண்டு, ஏனையவற்றைக் கைம்மாறு நோக்கியவை என ஒதுக்குகின்றது.

இஃது அருட்கொள்கை அன்று என்பது உண்மையே. முடமோசியார் மீட்பைப் பற்றிப் பாடவில்லை. ஆனால் நற்செயலை நாணயமாக்கி மறுமையை வாங்க முடியாது என்னும் மறுப்பு, ஐரோப்பியர் வருகைக்கு நெடுங்காலம் முன்பே இம்மலைநாட்டில் தமிழில் எழுந்துவிட்டது. லூத்தர் 1520 இல் கிறிஸ்தவனின் விடுதலை பற்றி எழுதிய நூலில் கூறியதும் இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. நற்செயல்கள் மனிதனை நல்லவனாக்குவதில்லை. நல்லவனாக்கப்பட்டவன் நற்செயல் செய்கின்றான் என்பது அவர் வாதத்தின் சாரம். செயல் விலையன்று, விளைவு.

அருளை முதன்மைப்படுத்தும் விவாதமும் தமிழுக்குப் புதிதன்று. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா உயிருக்கு உவமை என்று வைணவத்தின் வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டனர். தென்கலை மரபின் பேராசானாகிய பிள்ளை உலகாசிரியர், இறைவனின் காரணமற்ற அருளை வலியுறுத்திய அதே ஸ்ரீவசனபூஷணத்தில் அடியாரின் பிறப்பை ஆராய்தல் பெரும்பிழை என்றும் கூறினார். அருள் காரணமற்றது எனின் பிறப்பும் அதற்குக் காரணமாதல் இயலாது என்பதே இதன் தருக்கம். இத்தருக்கத்தை மனத்திருத்தித் திருவிதாங்கூர் வரலாற்றுக்குச் செல்வோம்.

தருமபூமியில் புண்ணியம் செய்தவர் யார்?

1956 நவம்பர் 1 வரை இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் திருவனந்தபுரமும் ஓர் ஆட்சிக்குள் இருந்தன. பழைய திருவிதாங்கூர் தன்னைத் தருமபூமி எனப் பெருமையுடன் அழைத்துக்கொண்டது. மார்த்தாண்டவர்மர் 1750 இல் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு உரிமையாக்கினார். அரசன் தன் எடைக்குப் பொன் நிறுத்து வழங்கும் துலாபுருடதானம், ஆறாண்டுகளுக்கு ஒருமுறை 56 நாள்கள் நடந்த முறைஜபம், அந்தணர்க்கு நாள்தோறும் விலையின்றி உணவளித்த ஊட்டுப்புரைகள் என அரசே புண்ணியம் ஈட்டும் நிறுவனமாக விளங்கியது. திருவிதாங்கூரில் பணியாற்றிய இலண்டன் மிஷனைச் சார்ந்த சாமுவேல் மெட்டீர் 1871 இல் வெளியிட்ட தம் நூலுக்குத் ‘தருமபூமி’ எனப் பொருள்படும் பெயரிட்டது இதனைக் கருதியே.

இப்புண்ணியத்திற்குப் பொருள் எங்கிருந்து வந்தது? தலைவரி செலுத்தியவரும், கூலியின்றி ஊழியம் செய்தவரும், 1855 வரை அடிமைகளாக விற்கப்பட்டவரும் அதன் சுமையைத் தாங்கினர். அவர்களோ ஊட்டுப்புரையில் உண்ண இயலாதவர். கோயிலுக்குள் நுழைய இயலாதவர். கோயில் நுழைவு உரிமை 1936 நவம்பர் 12 ஆம் நாள் அரச ஆணையால்தான் கிட்டியது. புண்ணியம் செய்வதற்குப் பொருள் வேண்டும், பிறப்பும் வேண்டும் என்றிருந்த நாட்டில், ‘செயலால் மீட்பு’ என்பது உடையவனின் சமயமாகவே இருந்திருக்கும். மயிலாடியைச் சார்ந்த மகாராசன் சிதம்பரத்திற்குப் பயணம் மேற்கொண்டவர். அவர் பிறந்த சாம்பவர் குலத்தார் அக்காலத்தில் அக்கோயிலுள் நுழைய இயலாது. பின்னர்த் தஞ்சையில் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயரோடு திரும்பிய அவரது அழைப்பும் முயற்சியுமே, 1806 இல் ரிங்கல்தௌபே தென்திருவிதாங்கூருக்கு வர வழிகோலின. ‘நீ செய்ய இயலாதவை உன்னிடம் கேட்கப்படவில்லை’ என்னும் செய்தி அம்மக்களின் செவியில் ஒழுக்கத் தளர்ச்சியாக ஒலித்திருக்குமா, விடுதலையாக ஒலித்திருக்குமா என்பதைக் குற்றம் சாட்டுவோர் சிந்திக்க வேண்டும்.

மக்கள் கொள்கையை ஆராய்ந்து மதம் மாறவில்லை. வரிக்கொடுமையிலிருந்து காப்பும் கல்வியும் நாடியே வந்தனர் என்று கூறலாம். அதில் பெரிதும் உண்மையுண்டு. ரிங்கல்தௌபேயே அதனை உணர்ந்திருந்தார். ஆயினும் காப்பு நாடி வந்தவன் தகுதி கேட்கப்படாமல் ஏற்கப்பட்டான் என்பதே அக்கொள்கை நடைமுறையில் கொண்ட வடிவம். ஏற்கப்பட்ட பின்னர் அம்மக்கள் செயலற்றும் இருந்துவிடவில்லை. மேலாடை உரிமைக்காக நெடிது போராடி, 1859 ஆம் ஆண்டின் ஆணைவரை கொண்டு சென்றோருள் அவர்கள் முன்னின்றனர்.

பந்தியில் எழுந்த கொள்கை

இனி மூன்றாவது குற்றச்சாட்டு. இக்கொள்கை எந்தச் சூழலில் மொழியப்பட்டது என்பதைச் சபையார் மறந்துவிட்டனர். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் அந்தியோகியா நகரின் ஓர் உணவுப்பந்தியைக் காட்டுகின்றது. பேதுரு புறவினத்தாரோடு அமர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அவரை அனைவர் முன்னிலையிலும் கண்டித்தார். அக்கண்டனத்தைத் தொடர்ந்தே, மனிதன் கிரியைகளால் நீதிமானாக்கப்படுவதில்லை என்னும் கூற்று வருகின்றது. இக்கொள்கை கல்விக்கூடத்தில் தோன்றவில்லை; பந்தியில் யார் யாரோடு அமர்வது என்னும் பூசலில் தோன்றியது.

அங்ஙனமாயின், பந்தியைப் பிரித்துக்கொண்டு இக்கொள்கையைப் போதிப்பது எத்தகைய முரண்! தஞ்சைச் சபைகளில் இருக்கையிலும் திருவிருந்திலும் சாதி வேற்றுமை காக்கப்பட்டது. அதனை நீக்க முயன்ற மிஷனரிமாரை எதிர்த்து, ஞானப்பாடல்களால் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் 1829 இல் எழுதினார். 1833 இல் பேராயர் டேனியல் வில்சன் சாதியைக் கைவிடுமாறு ஆணையிட்டபோது பலர் சபையை விட்டகன்றனர். லைப்சிக் மிஷனின் இயக்குநரும் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவருமாகிய கார்ல் கிரவுல், சாதி உலகியல் வழக்கமே, மீட்போடு தொடர்புடையதன்று என்னும் நிலைப்பாட்டை ஆதரித்தார். மீட்பு விசுவாசத்தால் கிடைக்கின்றது. ஆதலின் இருக்கை வேற்றுமை ஒரு பொருட்டன்று என்பதே இதன் உட்கிடை. பிறப்பொழுக்கமாகிய கிரியையை வாசல்வழியே வெளியேற்றிச் சாளரத்தின்வழியே உள்ளழைத்தது இவ்வாதம். பேதுரு செய்த பிழையைப் பவுலின் சொல்லைக் கொண்டே காத்த விந்தை இது.

கத்தோலிக்கர் இதனைக் கண்டு மகிழ்தற்கில்லை. வீரமாமுனிவர் 1728 இல் வேதவிளக்கம் எழுதித் தரங்கம்பாடி லூத்தரன்களை மறுத்தார். நற்செயலின் இன்றியமையாமையை வற்புறுத்திய அதே திருச்சபைக்குரிய வடக்கன்குளம் ஆலயத்தில், 1872 முதல் இரு சாதியாரைப் பிரிக்கும் அமைப்பு நிலவியது. தடுப்புச்சுவர் இடிக்கப்பட்டது 1910 இல்தான். கத்தோலிக்கரும் லூத்தரன்களும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் மீட்புக்கொள்கை பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். அருளாலேயே ஏற்கப்படுகின்றோம், நற்செயல்கள் அதன் கனிகள் என்பதில் இருவரும் உடன்பட்டனர். ஏறத்தாழ ஐந்நூறாண்டுப் பூசல் இங்ஙனம் தணிந்தது. ஆனால் தமிழ்நாட்டிலும் கேரளத்தின் தென்பகுதியிலும் இவ்விரு சபைகளும் அதற்கு முன்னரே ஒன்றில் உடன்பட்டிருந்தன. அது சாதி.

இதே மண்ணில், கிறிஸ்தவரல்லாத அய்யா வைகுண்டர் (1809–1851) சாமித்தோப்பில் சமபந்தி நடத்தினார். அனைவரும் நீரெடுக்கும் பொதுக்கிணற்றை அமைத்தார். 1917 இல் சகோதரன் அய்யப்பன் செறாயில் பல சாதியாரையும் ஒருங்கே அமர்த்தி உண்பித்தார். அந்தியோகியாவில் பவுல் வேண்டியதை இவர்கள் பவுலைச் சாராமலே செய்தனர். சபையார் இவர்களிடம் கற்க நாணவேண்டியதில்லை, கல்லாமையே நாணத்தக்கது.

முடிவுரை

‘விசுவாசத்தினாலே மீட்பு’ என்பது செயலை இகழும் கொள்கை அன்று. செயலையும் பிறப்பையும் தகுதிச் சான்றாக நீட்டிப் பிறரை விலக்குவதை மறுக்கும் கொள்கை. அறத்தை விலைபேசாத ஆயைப் பாடிய மொழிக்கு அஃது அயலாகாது. புண்ணியம் செய்ய உரிமை மறுக்கப்பட்டவர்க்கு அது விடுதலையாகவே வந்தது. ஆகவே இக்கொள்கையின் மெய்ம்மையைச் சோதிக்க இறையியல் நூல்களைப் புரட்டவேண்டியதில்லை. ஒரு சபையின் கல்லறைத் தோட்டத்தையும், திருமண அழைப்பையும், திருவிழாப் பந்தியையும் நோக்கினால் போதும். ஆங்கு யாரேனும் தனித்து அமர்த்தப்படுவாராயின், அச்சபையில் இன்றும் ஆள்வது கிரியையே, விசுவாசம் அன்று.