ஓசூருக்கு விமானம், திருச்சிக்கு நூலகம்

2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் விதி 110-ன் கீழ் முதல்வர் மு.க. ஸ்டாலின் இரண்டு அறிவிப்புகளைச் சேர்த்தே வாசித்தார். ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் வந்துபோகும் பன்னாட்டு விமான நிலையம். திருச்சியில் மாபெரும் நூலகமும் அறிவுசார் மையமும். இரண்டுமே நல்ல அறிவிப்புகள்தாம். ஆனால் பங்கு பிரித்த விதம் கண்ணை உறுத்துகிறது. திருச்சிக்காரர் படிப்பார், ஓசூர்க்காரர் பறப்பார்!

திருச்சி மேல் நமக்குப் பொறாமை இல்லை. அங்கே விமான நிலையம் ஏற்கெனவே இருக்கிறது, அடுத்து நூலகம் வருவது நியாயம். ஓசூர் என்று வரும்போது மட்டும் நூலக நினைப்பு ஏன் யாருக்கும் எழுவதில்லை? தொழில் நகரம் என்றால் ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஷிப்டு முடிந்து தூங்குகிறவர்களும் வாழும் ஊர். புத்தகம் வேண்டுமென்றால் 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறதே! இந்த எண்ணம் கோட்டையில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. ஓசூர்க்காரர்கள் பலருக்கும் இருக்கிறது.

இத்தனைக்கும் எழுத்து வாசனை இல்லாத பூமியா இது? ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆதவன் தீட்சண்யாவும் பா. வெங்கடேசனும் இங்கிருந்துதான் எழுதுகிறார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்குகின்றன. 1970-களில் சிப்காட் வந்தது, லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் பின்னால் வந்தன. இப்போது திம்ஜேப்பள்ளிப் பக்கம் செல்போன் பாகங்களும் போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர்களும் தயாராகின்றன. பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த கையோடு வேலைக்கு வந்து, விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் காசு செலவில்லாமல் போய் உட்கார இந்த ஊரில் எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

புது நூலகம் வராதது ஒருபுறம் இருக்க, இருக்கும் சிற்றூர் நூலகத்தை மூடவும் அரசாணையெல்லாம் தேவையில்லை. நூலகர் ஓய்வு பெறுவார். பக்கத்து ஊர் நூலகரிடம் ‘கூடுதல் பொறுப்பு’ ஒப்படைக்கப்படும். அவர் திங்கள் இங்கே, செவ்வாய் அங்கே என்று பஸ் ஏறி இறங்குவார். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பையன் இரண்டு முறை வருவான், மூன்றாம் முறை வரமாட்டான். கூரை ஒழுகும், மழைக்குப் பயந்து புத்தகங்களைக் கட்டி ஒரு மூலையில் அடுக்குவார்கள், கட்டிய கயிறு பிறகு அவிழாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து குறைந்துகொண்டே போகும். கடைசியில் ‘வாசகர் வருகை இல்லை’ என்று கோப்பில் ஒரு வரி ஏறும். அது பொய்யும் அல்ல!

2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம் கட்டினார்கள். ஆட்சி மாறியதும் அவற்றில் ஏராளமானவற்றுக்குப் பூட்டு விழுந்தது. எவரும் பெரிதாக மறியல் செய்யவில்லை. எதிர்த்துப் போராட ஒரு தேதிகூட இல்லாமல் போனதுதான் காரணம்.

தேதி இருந்தால் கதையே வேறு. 2011 நவம்பர் 2 அன்று ஜெயலலிதா அரசு, சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் கல்லூரிச் சாலை டி.பி.ஐ. வளாகத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. 8 ஏக்கரில் 9 தளங்களாக, 170 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய நூலகம் அது. கருணாநிதி திறந்துவைத்தது 2010 செப்டம்பர் 15 அன்று. ஓராண்டும் சில வாரங்களும்தான் ஆகியிருந்தன. காலியாகும் கட்டடத்தில் குழந்தைகளுக்கான உயர் சிறப்பு மருத்துவமனை வரும் என்றார்கள். குழந்தைகள் மருத்துவமனை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அந்த அறிவிப்பின் சாமர்த்தியமே அதில்தான் இருந்தது. நூலகத்துக்கு எதிராக ஒருபோதும் கெட்ட காரியத்தை நிறுத்துவதில்லை. மருத்துவமனை, அங்கன்வாடி, வட்டாட்சியர் அலுவலகம் என்று எதிர்த்துப் பேச முடியாத ஒன்றைத்தான் நிறுத்துவார்கள்.

ஆனாலும் பேசினார்கள். எழுத்தாளர்கள் கண்டித்தார்கள், மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், இணையத்தில் கையெழுத்துகள் குவிந்தன. பொதுநல வழக்குகள் தாக்கலாயின. நவம்பர் 4 அன்றே சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இரண்டே நாளில் வெற்றி!

பிறகு நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நூலகம் இடம் மாறவில்லை, கவனிப்பு மட்டும் இடம் மாறிவிட்டது. புது நூல்கள் வாங்குவது ஏறக்குறைய நின்றது, பணியிடங்கள் காலியாகக் கிடந்தன. 2012-ல் அதன் அரங்கத்தைக் கல்யாண நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விட்டார்கள். அதற்கும் நீதிமன்றம்தான் தடை போட வேண்டியிருந்தது. பராமரிப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்த்துவர வழக்கறிஞர் ஆணையர்களையே அனுப்ப வேண்டி வந்தது. 2021-ல் ஆட்சி மாறிய பிறகே பழைய மதிப்பு திரும்பியது. இடைப்பட்ட அந்தப் பத்தாண்டில் நூலகத்தைக் காத்ததில் தடையாணைக்குப் பாதிப் பங்கு என்றால், டிபன் பாக்ஸோடு தினமும் வந்து சொந்த நூல் படிக்கும் பிரிவில் இடம் பிடித்த போட்டித் தேர்வு மாணவர்களுக்கு மீதிப் பங்கு என்போம். ஆள் நிறைந்திருக்கும் இடத்தை எந்த அரசும் சட்டென்று மூடிவிட முடியாது.

அதே 2011 ஜனவரியில் இங்கிலாந்தின் ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற சிற்றூரிலும் நூலகத்தை மூடும் பேச்சு எழுந்தது. ஊர்க்காரர்கள் கோஷம் போடவில்லை. ஆளுக்கு அதிகபட்சம் 15 புத்தகம் எடுக்கலாம் என்பது விதி. எல்லோரும் போய் 15, 15-ஆக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சுமார் 16,000 புத்தகங்கள் இருந்த அலமாரிகள் துடைத்துவைத்தாற்போல் ஆயின. நூலகத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இப்படி எண்ணிக்கையைக் காட்டி நூலகத்தைக் காக்க நம் விதிகளிலும் வழி உண்டு. உறுப்பினர் எண்ணிக்கையும் புரவலர் எண்ணிக்கையும் ஏறினால்தான் பகுதி நேர நூலகம் ஊர்ப்புற நூலகமாகவும், ஊர்ப்புற நூலகம் கிளை நூலகமாகவும் தரம் உயரும். 1,000 ரூபாய் கட்டினால் புரவலர் ஆகலாம். குடியிருப்போர் சங்கம், தொழிற்சங்கம், ஆலையின் சமூகப் பொறுப்புப் பிரிவு என்று யாரும் இதைச் செய்யலாம். வாசகர் வட்டம் பேருக்கு இருக்கும் நூலகங்களில் அதற்கு உயிர் கொடுக்கலாம்.

நூலக நேரத்தை மாற்றச் சொல்லியும் வற்புறுத்தத்தான் வேண்டும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று திறந்து மூடும் நூலகத்தால் ஷிப்டு ஊருக்கு என்ன பயன்? பகல் 2 மணிக்கு ஆலையை விட்டு வெளியே வருகிறவர் கண்ணில் படுவது பூட்டிய கதவுதான். நூலகம் வாசகரைத் தேடிப் போவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1931-ல் மன்னார்குடி மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள், தொடங்கிவைத்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு வேன் விடுதி வாசல்களுக்குப் போய் நிற்கட்டும். தெலுங்கும் கன்னடமும் படிக்கிறவர்களுக்கும் அதில் ஓர் அடுக்கு இருக்கட்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ரங்கநாதனின் உழைப்பால், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டம், உள்ளாட்சிகள் நூலக வரி வசூலிக்க வழி செய்தது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்கென்று போகிறது. வசூலித்த உள்ளாட்சி அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கட்ட வேண்டும். பல உள்ளாட்சிகள் கட்டாமல் இழுத்தடிப்பது பழைய நோய். சென்னை மாநகராட்சியே கோடிக்கணக்கில் பாக்கி வைத்த கதை நமக்குத் தெரியும். எல்லையில் அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு மாநகராட்சி மேலும் இதே புகார்தான் இருந்தது.

2019-ல் மாநகராட்சி ஆன ஊர் ஓசூர். வீடுகளும் ஆலைகளும் பெருகப் பெருக அந்த 10 காசும் பெருகியிருக்க வேண்டும். ஆண்டுதோறும் நூலக வரியாக எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு கட்டப்பட்டது, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எத்தனை நூலகங்கள் ‘கூடுதல் பொறுப்பில்’ ஓடுகின்றன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத்தாளில் இதை எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். இந்த அரையாண்டு வரி கட்டப் போகும் வாசகர்கள் அன்றைக்கே அந்த மனுவையும் அனுப்பிவிட்டு, வரும் பதிலை நமக்கும் அனுப்பிவைத்தால் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.