ஒவ்வாமை: முதலில் உயிர் காப்போம்

வேர்க்கடலை ஒவ்வாத 4 முதல் 17 வயதுவரையிலான சிறாருக்குக் கடலைப் பொடியையே நுண்ணளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2020 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. இது ஒவ்வாமையை அறவே நீக்குவதில்லை. தவறுதலாக உண்ண நேர்ந்தால் விளையும் ஆபத்தையே குறைக்கிறது. அளவைக் கூட்டும்போதெல்லாம் மருத்துவர் கண்காணிப்பும் வேண்டும்.

இத்தகைய சிகிச்சை தஞ்சாவூரிலேயே கிடைத்தாலும், நடவுக் கூலியை இழந்து மாதக்கணக்கில் வந்துபோவது டெல்டாவின் உழைப்பாளிக் குடும்பங்களுக்கு எளிதன்று. எனவே, உடனே செய்யக்கூடியவற்றையே நான் முதலில் வலியுறுத்துவேன். சத்துணவில் முட்டை வழங்கும் பள்ளிகள், எந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாது என்பதைப் பதிவுசெய்து சமையலருக்கும் தெரிவிக்க வேண்டும். உயிர்காக்கும் அட்ரினலின், தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. ஒவ்வாமையால் மூச்சுத்திணறி வரும் குழந்தைக்கு அதைத் தொடைத் தசையில் தாமதமின்றிச் செலுத்த ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையமும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.